கொட்டலசு அங்கி

எல்சி தையல் மிஷினை நிறுத்தினாள். டிக் டிக் என்ற சத்தம் நிற்கவில்லை.

மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கவனித்தாள். காசிமேட்டுப் பக்கமிருந்து கருவாட்டு வாடையோடு வந்த காற்று சன்னல் துணியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கோயிலில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்தது. துறைமுகத்துச் சரக்கு வண்டி தண்டவாளத்தில் முனகிக்கொண்டே போனது. அவை எல்லாவற்றுக்கும் அடியில், காய்ந்த மொச்சையை யாரோ நகத்தால் உடைப்பதுபோல அந்தச் சத்தம். உள்ளறையிலிருந்து வந்தது. உள்ளே அவள் தங்கை ரோசி மட்டும்தான் இருந்தாள்.

மிஷின்மேல் கிடந்த வெள்ளை சாட்டின் கவுன் ரோசியுடையது. கோயிலில் கல்யாண ஓலை மூன்று ஞாயிறும் வாசித்தாகிவிட்டது. புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை லியோனார்டுக்குத் துறைமுகத்தில் வேலை. ஆனால் அளவு பார்க்கக் கூப்பிட்டால் ரோசி எழுந்து வருவதில்லை. கழுத்துவரை புடவையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"லூசா தச்சிடுக்கா. நல்லா லூசா."

தினமும் விடியலில் கடலுக்குப் போய் ஒரு வாளி உப்புத்தண்ணீர் கொண்டுவருகிறாள். அரிப்புக்கு நல்லது என்கிறாள். அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான் இப்படி.

கருணாகரன் அடையாற்றில் இருக்கும் ஓவியர். கோணித்துணியில் ஓர் அங்கி வேண்டும், தையல் பிசிறெல்லாம் வெளியே தெரியவேண்டும் என்று கேட்டு வந்தார். எல்சி தைத்துக் கொடுத்தாள். அதை எண்ணூர் முகத்துவாரத்தில் கம்பு நட்டுக் கட்டி மாதக்கணக்கில் ஊறப்போட்டார். படகின் அடியில் ஒட்டும் ஓட்டுப்பூச்சியான கொட்டலசு அதன்மேல் படிந்தது. பட்டாணி அளவில், கூம்பு கூம்பாக, உயிரோடு. உயிருள்ள உடை, அதுதான் கலை என்றார். கண்காட்சியில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க ஒரு பெண் வேண்டும் என்றார். பேப்பரில் படம் வருமா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே ரோசி சம்மதித்தாள்.

கடைசி நிமிடத்தில் அங்கியை உள்வெளியாகப் புரட்டி அவளுக்குப் போட்டுவிட்டார். கொட்டலசு முழுவதும் ரோசியின் தோலோடு தோலாகப் படிந்தது. சாயங்காலம் முழுக்க அவள் அசையாமல் நின்றாள். மேலே உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். காபிக் கோப்பையோடு பெரிய மனிதர்கள் சுற்றி வந்தார்கள். எல்சி கதவோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கியைக் கழற்றியபோது அதில் ஒரு கொட்டலசுகூட இல்லை. வெறும் கோணி. தரையிலும் எதுவும் உதிர்ந்து கிடக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம். திறந்தாள். கருணாகரன்.

இன்னொரு நாள் ரோசி நிற்கவேண்டும் என்றார். அவளைப்போல அசையாமல் நிற்க ஆளில்லை என்றார்.

"உன் வூட்டுப் பொம்பளைய நிக்க வையேன்யா."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "அவங்க தோல் தாங்காதும்மா."

எல்சிக்குக் காது அடைத்தது. கை தானாகக் கத்தரியை எடுத்தது. அடைத்த காதிலும் அந்தச் சத்தம். டிக். டிக். கருணாகரனுக்கும் கேட்டது. உள்ளறையை நோக்கி நடந்தான். கவுனை வாரிக்கொண்டு எல்சி முந்தினாள்.

ரோசி வாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புடவை இடுப்பில் கிடந்தது. முதுகு வாசலைப் பார்த்து இருந்தது.

முதுகில் தோல் தெரியவில்லை. வெள்ளைக் கூம்புகள். பிடரியிலிருந்து இடுப்புவரை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பிளவு. திறந்தது. மூடியது. டிக்.

எல்சி மண்டியிட்டாள். கத்தரி முனையால் ஒன்றை நெம்பினாள். ரத்தம் வந்தது. கூம்பு வரவில்லை.

"வேணாங்கா. எலும்பு வரிக்கும் போய்க்கீது." ரோசி திரும்பவில்லை. "தண்ணி ஊத்து. காஞ்சா கடிக்குதுங்க."

கருணாகரன் நிலைப்படியைத் தாண்டி வந்துவிட்டான். அவன் முகத்தில் பயமில்லை. அவன் பார்க்கக்கூடாது. எல்சி கவுனைத் தங்கையின் முதுகில் போர்த்தினாள். அவன் வாளியைத் தூக்கி அதன்மேல் சாய்த்தான்.

சாட்டின் நனைந்து முதுகோடு ஒட்டியது. சத்தம் நின்றது.

பிறகு ஊசித்துளைகளிலிருந்து வந்தன. கறுத்த, மயிரிழை போன்ற இறகுகள். எல்சி போட்ட தையல் வரி முழுக்க. ஒன்றாக விரிந்தன. ஒன்றாக மடங்கின. காற்றை வாரி வாரி உள்ளே இழுத்தன.

"என்ன அழகு." கருணாகரன் விரலை நீட்டினான்.

இறகுகள் விரலைச் சுற்றின. இழுத்தான். வரவில்லை. இன்னொரு கையால் பிடித்து இழுத்தான். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"கத்தரி. எல்சியம்மா, கத்தரியக் குடுங்க."

எல்சி கத்தரியைத் தரையில் வைத்தாள். காலால் மூலைக்குத் தள்ளினாள்.

"அசையாம நில்லு."

வாளியில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. அவன் கைகள்மேல் ஊற்றினாள். மெதுவாக. ஒரு சொட்டும் சிந்தாமல்.

அவன் மணிக்கட்டிலிருந்து வந்தது.

டிக்.