மீசை பட்ட இடம்

முறுக்கு தளர்ந்து நின்றுபோன சாவி பொம்மை மறுபடி நடக்கத் தொடங்கியபோது மாடியறையில் தையல்காரியைத் தவிர ஒருவரும் இல்லை. அவளாலோ கட்டிலைவிட்டு இறங்க முடியாது. ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து, இந்த நாலு மாதமாக, இடுப்புக்குக் கீழே உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை.

வாத்தியார் வேலை பார்க்கும் அவள் கணவர், வகுப்பில் காட்டுவதற்காக இரண்டு நடைபொம்மைகளைச் செய்து, சற்றுமுன்தான் அவள் பார்க்கத் தரையில் விட்டார்.

"இந்த பேட்டரிக்காரனைப் பாரு. முன்னாடி ரெண்டு கம்பி மீசை. எதுலயாவது பட்டா போதும், ஒதுங்கித் திரும்பிடுவான். சாவிக்காரனுக்கு அந்தச் சொரணையே கிடையாது. முறுக்கு இருக்கற வரைக்கும் சுவத்துல முட்டிக்கிட்டே நடப்பான்."

"இந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்."

அவர் சிரித்துக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டார். "பத்தவைக்கற ஈயக்கம்பி தீந்துபோச்சு. வாங்கிட்டு ஓடியாந்துடறேன்." காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துப் போனார். கட்டிலிலிருந்து பார்த்தால் கதவுக்கு அப்பால் நடையும் அதன் முடிவில் கீழே இறங்கும் படிக்கட்டின் தலைப்பும் தெரியும்.

பட்டப்பகல். ஜன்னல் வெயில் தரைக்கற்களின் மேல் மெல்ல நகர, தெருவில் ஏதோ வண்டி உறுமி அடங்க, அந்த நிசப்தத்தில் சாவி பொம்மை சுவரோரமாகக் கடக் கடக் என்று நாற்பது குட்டி அடி எடுத்துவைத்து நின்றது. பிறகு அந்தச் சத்தம். கர்ர்ர். இடைவெளி. கர்ர்ர். யாரோ நிதானமாகச் சாவி கொடுக்கிற சத்தம்.

"என்னங்க... வந்துட்டீங்களா?"

பொம்மை மறுபடி நடந்தது.

அப்போதுதான் பேட்டரி பொம்மையைக் கவனித்தாள். அறையின் நடுவே, ஒன்றுமே இல்லாத வெறுந்தரையில், அது சட்டென்று நின்றது. கம்பி மீசைகள் இரண்டும் எதிலோ அழுந்தி வளைந்தன. பின்வாங்கியது. திரும்பியது. சுற்றிக்கொண்டு வந்து மறுபடி முட்டியது. இந்த முறை ஒரு தரைக்கல் அளவு கட்டில் பக்கமாக.

பொம்மை இடித்த இடங்களை அவள் பார்வை தொடர்ந்தது. கட்டிலுக்கு நாலு கல். மூன்று. ஒன்று.

பேட்டரி பொம்மை விலகி மூலைக்குள் ஒடுங்கிக்கொண்டது. அப்புறம் வரவில்லை.

பழைய இயந்திர எண்ணெயின் வாடை. கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை. கை எழவில்லை. முதுகுத்தண்டின் அடியில், நாலு மாதமாக ஊசி குத்தினாலும் உறைக்காத இடத்தில், சில்லென்று ஏதோ நுழைந்தது.

கர்ர்ர்.

உள்ளே ஏதோ இறுகியது.

கர்ர்ர்.

போர்வை சரிந்தது. கால்கள் தரையைத் தொட்டன. அவள் தொடவைக்கவில்லை. இடது. வலது. முழங்கால் மடங்காத நடை. கதவைத் தாண்டியது. இடது. வலது.

படியேறி வந்த வாத்தியாரின் கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

"ஐயோ... என் கண்ணு! நடக்கறியாடி!"

அவர் முகமெல்லாம் கண்ணீர். எதிரே ஓடிவந்து நின்று, நடை பழகும் குழந்தையை அழைப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார். "வா... மெதுவா... இன்னும் ஒரு அடி." அவள் ஓரடி வைக்க, அவர் ஓரடி பின்னால் போனார். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கண்ணை மூடக்கூட முடியவில்லை. இடது. வலது. அவருக்குப் பின்னால் இனி தரை இல்லை, படிக்கட்டுதான். குதிகால் பாதி அந்தரத்தில் நின்றது.

"பயப்படாதே, நான் இருக்கேன்ல," என்று சிரித்தார்.

அவளுடைய இடது கால் எழுந்தது.