முருங்கைமரத்துச் சேவல்

காலை ஆறே முக்கால். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய ஊரில், இம்மானுவேல் வீட்டு வாசலில் ஆறு பெட்டைக் கோழிகள் விறைத்துக் கிடந்தன.

கோழிகள் மட்டும் என்றால் எஸ்.ஐ. ஜோதிலட்சுமி வந்திருக்க மாட்டாள். இம்மானுவேலின் ஆறு வயது மகள் ஷைனி, நேற்றிரவு வாந்தி எடுத்துச் சுருண்டவள், பொன்னேரி ஆஸ்பத்திரியில் கைகால் அசையாமல் கிடந்தாள். "பூச்சிமருந்து மாதிரி தெரியலை. என்ன விஷம்னு சீக்கிரம் சொல்லுங்க, இல்லேன்னா காப்பாத்த முடியாது" என்று டாக்டர் போனில் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

ஊர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் துளசிராமனின் நாற்றங்காலைக் கோழிகள் கிளறிவிட, "இன்னொரு தபா வந்தா மருந்து வெச்சிருவேன்" என்று அவர் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும். மனிதர் இப்போது ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

"அவருதான் மேடம்" என்றார் ஏட்டு மணவாளன். "நெல்லுல மருந்தைக் கலந்து வயல்ல எறைச்சிருப்பாரு. அத்தத் தின்ன கோழியோட முட்டையைத் தின்னு பாப்பாவுக்கும் ஆயிருக்கும்."

அப்போது தலைக்கு மேலே முருங்கைமரத்தில் ஒரு சேவல் கூவியது. ஜோதிலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருது?"

"எங்களுதுதான்." ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரப்பட்ட இம்மானுவேல் சுவரோடு ஒண்டி நின்றான். "ராவுல கூடைக்குள்ள அடங்காது மேடம். மரத்துலதான் தூங்கும்."

"பகல்ல?"

"பொட்டைங்க கூடவேதான் வயல்ல மேஞ்சிக்கினு இருக்கும்."

"வேற கோழி?"

"உள்ள ஒண்ணு அடையில குந்திக்கினு கீது. அது நல்லாதான் கீது."

வாசலில் இருந்த மூங்கில் கூடையை அவள் தூக்கினாள். ஓடே இல்லாத தோல்முட்டை ஒன்று கிடந்தது. விரல் பட்டதும் குழிந்தது. பக்கத்தில் அலுமினியத் தட்டு. விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளா இப்படிப் போடுது?"

"கொஞ்ச நாளா மேடம். கை வெச்சா உடைஞ்சிடுது. பாப்பாவுக்கு ரத்தம் பத்தலை, தினம் ஒரு முட்டை குடுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு. அதுக்குத்தான் கோழியே வளக்கறோம்."

வீட்டுக்குள் ஜன்னலோரம் ஷைனியின் சிலேட்டு இருந்தது. பலப்பம் இல்லை.

"பலப்பம் எங்க?"

"பாப்பா அதத் தின்னும் மேடம். ரத்தம் கம்மியா இருக்கறதாலதான் தின்னத் தோணுதாம். அவங்கம்மா கிறிஸ்டினா எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிட்டா."

ஜோதிலட்சுமி திரும்பி வந்து கூடையருகே குந்தினாள். கடம்பத்தூரில் அவள் அம்மாவும் கோழி வளர்த்தவள்தான்.

"நேத்து சாயந்தரம் கோழிக்கு என்ன வெச்ச?"

"சோத்துல சுண்ணாம்புத் தூளு. ஓடு கெட்டியாவும்ல. முட்டை போடற கோழிங்களுக்கு மட்டும் கூடைக்குள்ள வெச்சேன்."

"எங்க வாங்கின?"

அவன் தலை குனிந்தது. "நான் வேலை பாக்கற டைல்ஸ் கம்பெனில கீழ சிந்திக் கிடந்துச்சு மேடம். வெள்ளையா, நைசா. வீணாப் போறதுதானேன்னு டிபன் டப்பாவுல அள்ளியாந்தேன்."

டப்பா அடுப்படியில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. மூடி சரியாக மூடவில்லை. உள்ளே மாவு மாதிரித் தூள். அதில் மூன்று சின்ன விரல்கள் அள்ளிய தடம். ஜோதிலட்சுமி டப்பாவை அழுத்தி மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கம்பெனி சூப்பர்வைசரைப் போனில் பிடித்தாள். "சுண்ணாம்பா? ஐயோ, அது பேரியம் கார்பனேட் மேடம். பளபளப்புக்குக் கலக்கறது. விஷம்." அடுத்த நொடி டாக்டருக்குச் சொன்னாள். மூன்றாவது போன் ஸ்டேஷனுக்கு. "துளசிராமனை நாற்காலி போட்டு உட்கார வெச்சு, டீ வாங்கிக் குடுத்து, வீட்டுக்கு அனுப்புங்க."

ஜீப்பில் மணவாளன் மெதுவாகக் கேட்டார். "எப்படி மேடம்?"

"வயல்ல மருந்து வெச்சிருந்தா கூடவே மேயற சேவல் தப்பிக்குமா? சேவலை விட்டுட்டு, அடைக்கோழியை விட்டுட்டு, முட்டை போடறதை மட்டும் பொறுக்கிக் கொல்ற எதிரி எங்கேயும் இல்லை. முட்டை வேணும்னு நினைக்கிறவன்தான் அதுகளைத் தனியா கவனிப்பான். கோழி ராத்திரியிலதான் ஓடு கட்டும். தீனியில சுண்ணாம்பு போதலேன்னா தன் எலும்புலேர்ந்து எடுத்துக் கட்டும். அதனாலதான் சாயந்தரம் வெச்சான். அவன் செஞ்சது எல்லாம் சரி. தூள்தான் தப்பு."

பின் சீட்டில் இம்மானுவேல் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் வராந்தாவிலேயே நின்றிருந்தார். மாற்று மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே ஷைனியின் மூச்சு நின்றுவிட்டிருந்தது.

கிறிஸ்டினாவிடம் உண்மையை ஜோதிலட்சுமிதான் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ குற்றவாளிகளின் பெயரைச் சொன்ன வாய், இந்த ஒரு பெயருக்குத் தடுமாறியது. அதற்குள் இம்மானுவேலே மனைவியின் காலடியில் விழுந்தான்.

"எம்மேல கேஸ் போடுங்க மேடம். நான்தான் கொன்னுட்டேன்."

கிறிஸ்டினா அவனைத் திட்டவில்லை. அவன் தோளில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒளித்து வைத்திருந்த பலப்பங்கள் தரையில் விழுந்து உருண்டன.

"நேத்து, ஒண்ணே ஒண்ணு குடும்மான்னு அழுதுச்சு மேடம். நான் தரலை. குடுத்திருந்தா அந்த டப்பாவைத் தொட்டிருக்குமா?"