ஊற்றுக்குழியில் ரஞ்சிதம்

படத்தில் ரஞ்சிதம் இருந்தாள். எதிரே குழி காலியாகக் கிடந்தது.

ஜெயசுதா கேமராத் திரைமேல் கையைக் குடையாகப் பிடித்து மறுபடி பார்த்தாள். மாசி வெயிலில் மணல் சுடும் வாசமும், புளியமரத்தில் காய்ந்த காய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தமும் தவிர வற்றிய ஓடையில் வேறெதுவும் இல்லை; திரையில் மட்டும், ஆள் ஆழக் குழிக்குள், இடுப்புவரை மணலில் புதைந்தபடி ரஞ்சிதம் அவளையே அண்ணாந்து பார்த்தாள். ஓடைக்கரை ஊர்க்காரியான ரஞ்சிதம், கணவன் ராஜவேலுவோடு மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய் இருபது நாளாகிறது.

இரண்டு வருடமாக ஜெயசுதா மாதாமாதம் வேலூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி, இதே பாறைமேல் நின்று, இந்த ஓடை வற்றுவதைப் படமெடுக்கிறாள். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. வெறும் மணலுக்கு யார் மனம் இரங்குவார்கள்? அந்த ஆத்திரத்தில்தான் போன மாதம் ரஞ்சிதத்தைக் காலிக் குடத்தோடு இந்த ஊற்றுக்குழியில் இறங்கச் சொன்னாள்.

"எறங்குனா, ஒரு கை தண்ணி ஊத்துக்கே திருப்பி வுட்டுட்டுத்தான் ஏறணுங்க. தண்ணியே இல்ல, இன்னாத்த வுடறது?"

"ஒரே ஒரு படம், ரஞ்சிதம். நாலு பேர் பார்த்தா உங்களுக்குத்தான் நல்லது."

ரஞ்சிதம் இறங்கி, ஒரு சொட்டும் விடாமலே ஏறினாள். படத்தை லட்சம் பேர் பார்த்தார்கள். உச்சுக்கொட்டினார்கள். ஜெயசுதாவுக்கு அன்று பெருமை பிடிபடவில்லை.

இப்போது இன்னொரு படம் எடுத்தாள். மணல் ரஞ்சிதத்தின் மார்புவரை ஏறியிருந்தது.

இன்னொன்று. கழுத்துவரை.

போன் அடித்தது. ராஜவேலு.

"மேடம், இவளுக்கு மூச்சே வுட முடியலங்க. நல்லாத்தான் இருந்தா. இப்பத்தான், வாயிலேர்ந்து மண்ணு மண்ணா வருது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்."

ஜெயசுதா திரையைப் பார்த்தாள். நான்தான். நான் எடுக்க எடுக்க.

பாறையிலிருந்து சறுக்கி இறங்கினாள். முழங்கை சிராய்த்தது. பாட்டில் தண்ணீர் முழுவதையும் குழிக்குள் கவிழ்த்தாள். மணல் உறிஞ்சியது. ஈரம்கூடத் தங்கவில்லை.

"ராஜவேலு, இப்ப எப்படி இருக்கா?"

போனில் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

குழி காலி. கண்ணுக்கு எப்போதும் காலிதான். அவள் பிழைத்தாளா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாது. ஆனால் தெரியாமல் எப்படி நிற்பது?

பாறைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

போனில் ராஜவேலு வாய்விட்டு அழத் தொடங்கினான்.

திரையில் குழியே இல்லை. விளிம்புவரை மணல். அதன் மேலே முழங்கைவரை ஒரு கை, ஐந்து விரலும் விரிந்து.

மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

ஓடையில், வெட்டவெளியில், அந்தக் கை நின்றது. விரல்கள் மடங்கி, மறுபடி விரிந்தன.