இருபத்துமூன்றாம் பக்கம்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது... அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே வாசகர் வட்டம் காத்திருக்கிறது. முதன்முதலாக மேடை ஏறப்போகிறாள். அதுவும் வட்டத்தின் செயலாளரான அப்பா, பார்த்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு பேசப்போறா" என்று தம்பட்டம் அடித்துவைத்த பிறகு.

உள்ளே அவளோடு இன்னொருவன் மட்டும். தோளில் ஸ்பேனர்கள் துருத்திய பை.

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? சரி பண்ணக் கூடாதா?"

"உள்ள மாட்டிக்கிட்டு நான் என்னங்க பண்றது... பல் டாக்டருக்கே பல்வலி வந்த கதைதான். போன் பண்ணிட்டேன், மேலே ஆள் போயிருக்கு. பத்து நிமிஷம் பொறுங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... சிரித்துவிட்டாள். அவன் கண்களில் அவசரமே இல்லை. நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்று, வலியும் பதற்றமுமாக வரும் கண்களையே பார்த்துப் பழகியவளுக்கு அது புதிதாக இருந்தது. சும்மா நிற்பானேன் என்று, பேச்சை அவனிடமே ஒத்திகை பார்த்தாள்.

அவள் பேசவிருந்தது நாற்பது பக்கத்தில் ஒரு சின்ன ஹைக்கூ தொகுப்பைப் பற்றி. எழுதியவர் புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். பக்கத்துக்கு ஒரு கவிதை.

*பழுதான லிஃப்ட்*
*படியில்தான் பார்த்தேன்*
*பக்கத்து வீட்டாரை*

இதைச் சொன்னபோது அவன் ஏனோ தன் செருப்பைப் பார்த்தான். அவள் கவனிக்கவில்லை. அவள் மனமெல்லாம் இருபத்துமூன்றாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் எண் மட்டும் இருந்தது, கவிதை இல்லை. சொல்லே இல்லாமல் ஒரு ஹைக்கூ எழுத எத்தனை தைரியம் வேண்டும், அந்த வெள்ளைத்தாளைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று கண் மினுங்கச் சொன்னாள்.

அவன் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். "நல்லா இல்லையா?" என்றாள் பயந்துபோய்.

"இப்படி யாரும் படிச்சதே இல்லைங்க..."

லிஃப்ட் நகர்ந்தது.

அன்று கைதட்டல் ஓயச் சற்று நேரமானது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே பூரிப்போடு கவிஞரை மேடைக்கு அழைத்தார்... பையைக் கதவோரம் வைத்துவிட்டு எழுந்து வந்தவன் லிஃப்ட்காரன். அவளுக்குக் காது மடல் சுட்டது. அவன் நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லி இறங்கிவிட்டான்.

கூட்டம் முடிந்ததும் அண்ணிக்குக் கொடுக்கலாமென்று இன்னொரு பிரதி வாங்கிப் புரட்டினாள். இருபத்துமூன்றாம் பக்கம் வெறுமையாக இல்லை.

*அம்மா இல்லாத வீடு*
*இப்போதெல்லாம் செருப்பை*
*ஓரமாக விடுகிறேன்*

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நேரே அவனிடம் போய் நின்றாள். தானே ஜெராக்ஸ் எடுத்துத் தானே பின் அடித்த புத்தகம், கவிதைமேல் ஏதோ துண்டுத்தாள் ஒட்டிக்கொண்டு அந்த ஒரு பிரதியில் எண் மட்டும் விழுந்திருக்கும் என்றான் அவன். முப்பது பேர் கைதட்டினார்களே, ஒருவருக்கும் தெரியவில்லையா? தெரியாது. அவளைத் தவிர வட்டத்தில் யாரும் புத்தகத்தைத் திறக்கவே இல்லை!

"லிஃப்ட்லயே சொல்லியிருக்கலாம். என் மானம் கப்பலேறட்டும்னு வேடிக்கை பார்த்தீங்க, இல்ல?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஒரு வாரம் கோபம் இருந்தது. கோபம்தானா என்று அவளுக்கே சந்தேகம்... மாத்திரை அட்டையை நறுக்கும்போதெல்லாம் அவசரமில்லாத அந்தக் கண்கள் வந்து நின்றன.

அப்புறம் ஒருநாள் அப்பா துள்ளிக்கொண்டு கடைக்கே வந்தார். கவிஞர் போன் செய்தாராம். இருநூறு பிரதி மறுபடி அச்சாகிறதாம். அவள் பேச்சுதான் முன்னுரை; அவள் பாராட்டிய வெற்றுப் பக்கம் அப்படியே இருக்குமாம்.

கத்தரிக்கோல் கையிலேயே நின்றது. அவள் ஒருத்தியின் முகம் வாடக் கூடாதென்று, அவன் தன் அம்மாவையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டான்! அவள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போனது. போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது, வாயைத் திறக்காதே என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் போனார்.

அடுத்த கூட்டத்தில், கூப்பிடாமலேயே அவள் எழுந்தாள். அந்த மூன்று வரிகளையும் வாசித்தாள்.

"இதுதான் இருபத்துமூணாம் பக்கம். என் பிரதியில அச்சாகாம விட்டுப்போச்சு. போன மாசம் நான் பாராட்டினது கவிஞரை இல்ல... ஜெராக்ஸ் மெஷினை."

கூடம் கொல்லென்று சிரித்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியதும், அந்தக் கவிதையை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். இந்த முறை கூடம் அமைதியாகக் கேட்டது.

அவள் லிஃப்ட் பக்கமே போகாமல் படியிறங்கினாள். கீழே வாசலில் நல்ல மழை... பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றான் அவன்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"உங்க அம்மாவைவிட என் மானம் பெருசா? நீங்க எப்படி அதை விட்டுக்கொடுத்தீங்க?"

அவன் மழையைப் பார்த்தபடி சொன்னான். "அம்மா இருந்திருந்தா, ஒரு பொண்ணை அழவிட்டுட்டு உனக்கென்னடா கவிதைன்னு கேட்டிருப்பாங்க."

சாரலில் இருவர் தோளும் நனைந்தன. யாரும் உள்ளே நகரவில்லை.

"லிஃப்ட்லயே சொல்லாததுக்கு வேற காரணம் இருக்கு," என்றான் மெதுவாக. "சொன்னா நீங்க பேசுறதை நிறுத்திடுவீங்களேன்னு பயம்... எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சுப்போச்சு. இதை மட்டும் மூணு வரியில சுருக்க வரலைங்க... பத்து நாளா எழுதி எழுதிக் கிழிக்கிறேன்."

அவள் நனைந்த முகத்தைத் துடைக்காமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுருக்க வேண்டாம்," என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... நீட்டியே சொல்லுங்க."