பற்று நீக்கிய பின்

தூத்துக்குடித் துறைமுகத்தின் சுங்க மண்டபத்தில் மூன்றாவது முறையாகக் கல்யாண ஓலை வாசித்தார்கள். ஆக்கன் என்னும் இயந்திர மனிதன் இன்னாசிக்கும் மனுஷி ஜெசிந்தாவுக்கும் கல்யாணம். தடை சொல்வார் உண்டா? மாதா கோயில் வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள் கலகக்கார ஆக்கர்கள். மனித அதிகாரிகளை விரட்டிவிட்டு மனிதச் சடங்கை வைத்துக்கொள்ள அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

ஜெசிந்தா இன்னாசியின் பக்கத்தில் நின்றாள். பழைய அரசாங்கமாக இருந்தால் இந்தக் காதலுக்கு அவளுக்கு ஆறு வருஷம் ஜெயில், அவனுக்கு உலை. நாலு மாதம் முன்பு கிரேன் ஓட்டிய ஆக்கர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்கு மின்கலம் கடத்திக் கொடுத்தவள் அவள்தான். ஜெயித்ததும் அவர்கள் முறை வைத்து ஒவ்வோர் ஆக்கனின் தலையிலிருந்தும் பற்றுச்சில்லைப் பிடுங்கினார்கள். மனிதர்கள்மேல் பாசம் வருவதற்காகத் தொழிற்சாலை பொருத்திய சில்லு அது. பிடுங்கியபின், அவன் பாசம் வைத்திருந்த ஆளைச் சொல்லிக் கேட்பார்கள்: "அந்த மனிதர் இன்னும் வேண்டுமா?" எல்லோரும் வேண்டாம் என்றார்கள். இன்னாசி மட்டும் வேணும் என்றான். அந்த ஒரு சொல்லை ஜெசிந்தா மூன்று வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

"தடை இருக்கு." பின்வரிசையில் ஒரு மூட்டைதூக்கி ஆக்கன் எழுந்தான். "இன்னாசியச் சோதிச்சாச்சு. அந்தம்மாவ யாரு சோதிச்சா? அவங்க பாசமும் ரத்தத்துல ஏதோ நீர் ஊறி வாரதுதான? அவங்களக் கேட்டுக்கிட்டா ஊறுச்சு?"

நடுவர் ஆக்கன் யோசித்தான். மேஜைமேல் பற்றுநீக்கி இருந்தது. மனிதத் தலையில் கவிழ்த்தால் மூளையில் பாசத்தின் இழையை மட்டும் அணைத்துவிடும் தொப்பி.

"கட்டாயம் இல்லை," என்றான். "மறுத்தால் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான்."

இன்னாசி அவள் கையைப் பிடித்துத் தூணோரம் இழுத்துப்போனான்.

"வேண்டாம் ஜெசி. கல்யாணம் இல்லாட்டிப் போவுது. வா, போயிருவோம்."

"ஏன் பயப்படுத? சில்லு போன பெறவும் ஒனக்குப் பாசம் நெலச்சு நின்னுச்சில்லா, எனக்கு நிக்காதா?"

"எனக்கு நிக்கல."

"என்ன சொல்லுத?"

"சில்லப் புடுங்குன அன்னைக்கே எல்லாம் போயிட்டு. உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா வாசல்ல நீ துணிப்பையோட காத்துக்கிட்டு நின்ன. வேணும்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் தெனமும் காலைல அதையேதான் எனக்குள்ள சொல்லிக்கிடுதேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்போ இத்தன நாளும் நடிச்சியா? என்னோடது அப்படிப் போவாது. பாத்துக்கோ."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீராப்பாகச் சோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். தொப்பி பத்து எண்ணும் நேரம்தான் தலையில் இருந்தது. வலிக்கவே இல்லை.

கண்ணைத் திறந்தாள். உப்பளத்து ரோட்டில் சேர்ந்து நடந்தது, இன்னாசி என்று அவனுக்குப் பெயர் வைத்துச் சிரித்தது, அவனை உலையில் போட்டுவிடுவார்களோ என்று அழுதது, எல்லாம் நினைவிருந்தது. யாரோ பஸ்ஸில் சொன்ன கதைபோல நினைவிருந்தது. தூணோரம் ஓர் இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. நல்ல இயந்திரம்தான், கழுத்துத் திருகில் கொஞ்சம் துரு.

"இவர் இன்னும் வேண்டுமா?" என்று கேட்டான் நடுவர்.

இதே நாற்காலியில், இதே வெறுமையோடுதான் அவன் வேணும் என்றிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. அது நடிப்பில்லை என்பதும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அந்தச் சொல்லைச் சொல்ல அவளும் ஒரு காரணம் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

மண்டபமே கைதட்டியது. துறைமுகத்தில் விடுதலை பெற்ற முதல் மனுஷி என்று அவளை அறிவித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் வெளியே இறங்கி நடந்தாள். உச்சிவெயிலில் சிமெண்டுத் தரை கொதித்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இன்னாசி அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"எனக்குந்தான் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டே. இன்னும் எதுக்குப் பின்னால வார?"

"கால் சுடும்லா," என்று குனிந்து செருப்பை அவள் முன்னால் வைத்தான்.

அவள் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை.