ஒலி கூடும் மூலை

பின்பக்கத்து இடது ஸ்பீக்கர் மறுபடியும் திரும்பியிருந்தது.

டிரேவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் நூல் பிடித்து அளந்து, அறையின் நடுவில் கிடந்த ரிக்ளைனர் சாய்வு நாற்காலியைப் பார்க்கும்படி அதை நிறுத்திவிட்டுப் போனவன் அவனேதான். இப்போது அது ரிக்ளைனரைப் பார்க்கவில்லை. ஹால் சுவரை ஒட்டிய வெறும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மௌரீன்! இந்த ரூமைப் பெருக்கினியா?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு? என்கிட்ட இருந்தாலும் நான் அதுக்குள்ள கால் வெக்கமாட்டேன். ஃபாதர் வந்து மந்திரிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

"சினிமா பாக்குற ரூமுக்கு மந்திரிப்பு ஒண்ணுதான் கேடு."

முணுமுணுத்துக்கொண்டே ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தான். தாங்கியின் அடியில் கம்பளம் வட்டமாக நசுங்கியிருந்தது. மெல்ல மெல்ல, நிதானமாகத் திருப்பியதுபோல. அதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, வண்டி போகும் அதிர்வு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிரேசர் டவுனின் அந்தச் சந்துக்குள் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு!

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட டிரேவர் இவ்வளவு யோசித்ததில்லை. ஐந்து ஸ்பீக்கரும் இடிபோல் அதிர ஒரு சப்-ஊஃபரும் போதுமா, ஏழாக்கிவிடலாமா, கூரையில் இரண்டைப் பதித்தால் மழை தலைமேலேயே பெய்வதுபோல் இருக்குமா என்று எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினான். ஒரே படத்தின் ஒரே சண்டைக்காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பான். பிறகு உதட்டைப் பிதுக்குவான். கடைக்காரர்கள் அவனைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுவார்கள். தன் காதைப்போலக் காது பெங்களூரிலேயே கிடையாது என்பது அவன் நினைப்பு. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தால் போய்ச் சண்டை போடுவான். மாதா கோயிலில் பாட்டுக்குழுவின் மைக் கீச்சிட்டால் பூசை நடுவிலேயே திரும்பி முறைப்பான். அத்தனை அருமையான காது!

அந்தக் காது உள்ளவனுக்குத்தான் கூடப் பிறந்தவளின் காது வலி புரியவில்லை.

அன்னா அவனுடைய அக்கா. கான்வென்ட்டில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அப்பா எழுதிவைத்தபடி இந்தப் பின்னறை அவள் பங்கு. ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனபின் அவளுக்குச் சத்தம் ஆகாமல் போயிற்று. கரண்டி விழுந்தால்கூட ஊசி குத்தியதுபோல் துடிப்பாள். இதயமும் பலவீனம், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய ஜன்னல் இல்லாத, கனத்த கல்சுவர்கள் கொண்ட அந்த அறை அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. ஹோம் தியேட்டருக்கும் அதே காரணத்தால்தான் பொருத்தமாக இருந்தது. எத்தனை சொல்லியும் அவள் அறையை விட்டுத் தரவில்லை.

டிரேவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஹாலில் டிவிக்குக் கீழே இருந்த சப்-ஊஃபரை எடுத்து, அன்னாவின் கட்டில் தலைமாடு எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் அளந்து பார்த்து, அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தான். அவ்வளவுதான் செய்தான். தினமும் சாயங்காலம் படம் ஓடும். அன்னா சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

"கொஞ்சம் குறைடா தம்பி. நெஞ்சுக்குள்ள இடிக்குது."

"என் வீட்ல நான் டிவி பாக்கக்கூடாதா? முடியலன்னா முதியோர் ஹோமுக்குப் போ. நல்லா பாத்துப்பாங்க."

மௌரீன் ரிமோட்டைப் பிடுங்கிய நாளும் உண்டு. அன்று இன்னும் கூட்டி வைத்தான். பாவி! ஒரு சாயங்காலம் அன்னா வரவில்லை. படம் முடிந்தபின் மௌரீன்தான் போய்ப் பார்த்தாள். காதில் பஞ்சு, அதன்மேல் தலையணை உறையைக் கிழித்துக் கட்டிய கட்டு, வாய் திறந்தபடி. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது பொய்யில்லைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தி அடக்கம் நடந்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு பின்னறைச் சுவரில் டிரில் இறங்கியது. ஒரே ஒரு ரிக்ளைனர் வாங்கிப் போட்டான். மனைவிக்கென்று ஒன்று வாங்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

இடது ஸ்பீக்கரைத் திருப்பி வைத்த மறுநாள் அறையைத் திறந்தபோது எல்லா ஸ்பீக்கரும் திரும்பியிருந்தன. திரைக்கு இருபுறமும் நின்ற பெரியவை, பின்னால் நின்ற சின்னவை, எல்லாமே. அத்தனையும் அதே மூலையைப் பார்த்தன. அறைக்குள் யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை லேசாக இருந்தது. புது பெயின்ட், புது கம்பளம், புது தோல் நாற்காலியின் வாசனைகளுக்கு அடியில், சுவருக்குள்ளிருந்து கசிவதுபோல. அன்னா நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

டிரேவர் மனைவியைக் கூப்பிடவில்லை. கடையைக் கூப்பிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் முனிராஜ் வந்தான். ஸ்பீக்கர்களைப் பொருத்திக் கொடுத்த கடை ஆள், தமிழில் கன்னடம் கலந்து பேசும் வாய் ஓயாதவன். இருக்கையில் தலை இருக்கும் உயரத்தில் சின்ன மைக் ஒன்றை நிறுத்தினான். ஒவ்வொரு ஸ்பீக்கரும் கூவும், மைக் கேட்கும், அதை வைத்து ஸ்பீக்கர்களை இயக்கும் மெஷின் தானாகவே ஒலியைச் சரிசெய்துகொள்ளும்.

"யாரும் மூச்சு விடக்கூடாது சார். ஸ்வல்ப... கொஞ்சம் வெளிய வந்துருங்க."

கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்றார்கள். உள்ளே ஒரு கூவல் எழுந்து அடங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால், அறையில் சத்தம் அதிகம், அமைதியாக இருக்கவும் என்று திரையில் எழுத்து நின்றது.

"ஃபேன் ஓடுதா சார்?"

ஃபேன் ஓடவில்லை. ஏசியை அணைத்தார்கள், ஃபிரிட்ஜை அணைத்தார்கள், மௌரீன் மிக்சியை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். மறுபடியும் அதே எழுத்து. ஆளில்லாத, சாத்திய, மூச்சுச் சத்தம்கூட இல்லாத அறையில் யாரோ அமைதியாக இருக்க மறுக்கிறார்கள் என்று மெஷின் பிடிவாதமாகச் சொன்னது.

முனிராஜ் தலையைச் சொறிந்துகொண்டு மைக்கைத் தூக்கி அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தான். எங்கேயும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த மூலையில் வைத்தான். முதல் கூவலிலேயே மெஷின் வேலையை முடித்துவிட்டது.

"பாத்தீங்களா! இந்த ரூமுக்கு இதுதான் சார் சீட். சவுண்டெல்லாம் இங்கதான் வந்து சேருது. வேணும்னா நின்னு கேளுங்க."

டிரேவருக்கு அந்த இடம் தெரியும். அன்னாவின் கட்டில் கால்கள் தேய்த்த நாலு தடமும் கம்பளத்துக்குக் கீழே இன்னும் இருந்தன. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் முனிராஜ் பாட்டைப் போட்டுவிட்டான்.

அடடா! வயலின்காரன் வில்லை இழுக்குமுன் மூச்சிழுப்பது கேட்டது. தபலாவின் தோல் நடுங்கி அடங்குவது கேட்டது. பாடுகிறவளின் உதடு பிரியும் ஈரச் சத்தம் காதோரத்தில் கேட்டது. இத்தனை நாள் இத்தனை கடைகளில் அவன் தேடியது இதுதான். ஒரு அடி நகர்ந்தான், எல்லாம் கலங்கிப் போயிற்று. திரும்ப மூலைக்கு வந்தான், தெளிந்தது. செத்தவள் படுத்த இடமாவது, மண்ணாவது! சீட்டைத் தள்ளு என்றான்.

முனிராஜ் ரிக்ளைனரைத் தள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டான்.

"சார், இங்க யாராவது மலகிக்கொண்டு... படுத்துட்டு இருந்தாங்களா?"

"ஏன்?"

"ஏனில்ல சார். பர்த்தீனி, வரேன் சார்." டீகூடக் குடிக்காமல் போனான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மௌரீன் ஹால் சோபாவின் ஓரத்தில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மூலையிலயா உக்காரப் போறீங்க?"

"அங்கதான் சவுண்டு நல்லா இருக்கு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க காதுக்கு நல்லா இருந்தா போதும். யார் காது என்ன ஆனா உங்களுக்கென்ன."

டிரேவர் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினான். ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு. மழைச் சத்தம் அறுந்ததுபோல் நின்றது. விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சாய்ந்தான். திரையில் காடு வந்தது, காட்டில் அவனுடைய சொந்த மழை பெய்தது. கூரை ஸ்பீக்கர்களிலிருந்து துளித்துளியாக, இலை இலையாக இறங்கி, தோளில் விழுவதுபோலவே இருந்தது. தைல வாசனை கூடியிருந்தது. பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். உடம்பு தளர்ந்து, கண் மெல்லச் சொருகியது.

அப்போது தலைக்குப் பின்னால் சுவர் ஒருமுறை இடித்தது.

படத்தில் இடி இல்லை. சப்-ஊஃபர் திரைக்கு அடியில் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. டிரேவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். மறுபடி இடித்தது. காதில் கேட்பதற்கு முன் முதுகெலும்பில் ஏறி, விலாவைப் பிடித்து, இதயத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் போனது.

ரிமோட்டை அழுத்தினான். படம் நின்றது, மெஷினின் பச்சை விளக்கும் அணைந்தது. சுவர் இடித்தது.

எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினான். தோல் நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சின்னக் கிறீச்சு பழுக்கக் காய்ச்சிய கம்பிபோல் காதுக்குள் இறங்கியது. ஐயோ! கையிலிருந்து ரிமோட் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. மெத்தென்ற கம்பளம்தான். ஆனாலும் மண்டை பிளந்தது. அசையாமல் இருந்தான். அசையாவிட்டாலும் சட்டை மூச்சில் உரசியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது. எல்லாமே கேட்டது. எல்லாமே வலித்தது.

சுவர் இடித்தது.

நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியது. இடது கை மரத்தது. மௌரீனைக் கூப்பிடவேண்டும். ஓங்கிக் கூப்பிட்டால் கதவைத் தாண்டியும் கேட்டுவிடும். வாயைத் திறந்தான். சொந்தக் குரலே கத்தியாய்த் திரும்பிக் குத்த, பாதிச் சொல்லில் அறுந்தது. கண்ணீர் வழிந்தது. காதைப் பொத்தினான். விரல் தோலில் பட்ட சத்தம். அதுவும்.

"அக்கா," என்றான் உதட்டால் மட்டும். "அக்கா, போதும்க்கா."

கதவு தானாகத் திறந்துகொண்டது.

மூலையிலிருந்து வாசல் வழியே சாய்வாகப் பார்த்தால் ஹாலின் எதிர்ச்சுவர் தெரிந்தது. சுவரோடு போட்ட பழைய சோபா தெரிந்தது. ஓரத்தில் மௌரீன், கண்மூடி, செபமாலை மணியை உருட்டியபடி. மறு ஓரத்தில், சாயங்காலம்தோறும் அவன் உட்கார்ந்து படம் பார்த்த இடத்தில், அன்னா. அவள் கண் மூடியிருக்கவில்லை. அவனையே பார்த்தாள். பார்த்தபடி தலையை முன்னால் கொண்டுவந்தாள். பின்மண்டையை ஓங்கிச் சுவரில் மோதினாள்.

அவன் தலைக்குப் பின்னால் இடித்தது.

மௌரீன் நிமிரவில்லை. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்னா மறுபடி மோதினாள். இடித்தது. அவள் முகத்தில் வலியே இல்லை. கோபம்கூட இல்லை. நேரம் நிறைய இருக்கிறவர்களின் நிதானம்.

மணி உருட்டும் கை நின்றது. மௌரீன் கண்ணைத் திறந்து, திறந்துகிடந்த கதவைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். அவளுடைய ஒவ்வொரு காலடியும் அவன் காதில் ஆணியடித்தது. வாசலில் நின்று இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் கன்னத்தில் கண்ணீர் பளபளப்பது அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டினான், நீட்டியதாக நினைத்தான். கை எழவில்லை.

"அழுகையே வந்துருச்சா? அவ்ளோ நல்லா இருக்கா சவுண்டு?" என்றாள் மௌரீன். ஒவ்வொரு எழுத்தும் ரத்தம் கட்டும்படி குத்தியது. "கதவைத் திறந்து வெச்சா மழைச் சத்தம் உள்ள வருதுன்னு அதுக்கும் கத்துவீங்க. இருங்க, சாத்திடறேன்."

வேண்டாம், மௌரீன். வேண்டாம்.

கனத்த கதவு மெல்ல நகர்ந்தது. குறுகிக்கொண்டே வந்த இடைவெளியில், மௌரீனின் தோளுக்குப் பின்னால், சோபாவில் அன்னா தலையை முன்னால் கொண்டுவந்தாள். இந்த முறை நிறுத்தாமல், முன்னைவிட வெகுதூரம், முழங்காலைத் தொடும்வரை குனிந்தாள்.