துணைமதி இல்லாத மூன்று சுற்றுகள்

காலைப் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கடலில் மிதக்கும் எங்கள் மிதவூரிலிருந்து தூத்துக்குடித் துறைக்குப் போவது என் வேலை. சுக்கானைப் பிடித்திருப்பேன். அலை வரும் திசையை நான் யோசிப்பதற்கு முன்பே கை திரும்பிவிடும். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் பொருத்திய துணைமதி என்ற சில்லு பார்க்கிற வேலை அது. சமைப்பவர் உப்புப் போடுவதும் மருத்துவர் ஊசி குத்துவதும் அதன் தயவில்தான்.

என் தங்கை பெனிட்டாவுக்கு மட்டும் அது இல்லை. பொருத்தும்போதெல்லாம் உடம்பு ஏற்காமல் காய்ச்சலில் விழுந்தாள். துணைமதி இல்லாதவர்களுக்குப் படகோட்டும் உரிமம் கிடையாது. என்னைவிடக் கடலை நேசித்தவள், துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. உரிமம் பெற்ற ஓட்டுநர் ஒருவரை, அவருடைய துணைமதியை அணைத்துவிட்டு, கைவேகப் போட்டி ஒன்றில் வெல்ல வேண்டும். துணைமதி எட்டாத கருவி துறை அலுவலகத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: போன நூற்றாண்டின் வீடியோ கேம் கன்சோல். அதில் ஓடியது ஒரு குத்துச்சண்டை ஆட்டம். பல வருடங்களாக யாரும் அந்தச் சோதனைக்கு வந்ததில்லை. பெனிட்டா விண்ணப்பித்தாள். குலுக்கலில் எதிராளியாக என் பெயர் விழுந்தது.

"விட்டுக்குடுத்தது தெரிஞ்சா ரெண்டு பேரையும் படகுப் பக்கமே விடமாட்டேன்" என்றார் சோதனை அதிகாரி மில்டன்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். "நெசமா அடி அக்கா. நீ விட்டு நான் ஜெயிச்சா அது எனக்கு வேண்டாம்."

மில்டன் என் துணைமதியை அணைத்தார். கைகள் இரவல் வாங்கியவை போலக் கனத்தன.

திரையில் கட்டம் கட்டமாக இரண்டு வீரர்கள். நீலக் கால்சட்டை எனக்கு, சிவப்பு அவளுக்கு. பொத்தானை அழுத்தினால் முகத்தில் குத்து. கீழ்நோக்கும் பொத்தானோடு சேர்த்து அழுத்தினால் வயிற்றில். குத்து வீணானால் திரையோரத்தில் இருக்கும் தெம்புக்கோடு குறையும். கோடு தீர்ந்தால் வீரன் மூச்சிரைத்து நிற்பான், கை உயராது.

முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தித் தள்ளினேன். அவள் வீரன் விழுந்தான். திரை ஒன்று, இரண்டு என்று எண்ண, அவள் பொத்தானைப் படபடவென்று தட்டி அவனை எழுப்பினாள்.

இரண்டாம் சுற்றில் அவள் அடிக்கவே இல்லை. இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள். குத்துவதற்கு முன் என் வீரன் தோளைச் சற்றுப் பின்னால் இழுப்பதைக் கண்டுகொண்டிருந்தாள். என் குத்தெல்லாம் காற்றில் போக, தெம்புக்கோடு வற்றியது. அப்புறம் அடித்தாள்.

மூன்றாம் சுற்றில் நானும் பார்க்கக் கற்றேன். அவள் குத்தொன்றை நானே தடுத்தபோது, "தடுத்துட்டேன்!" என்று கத்திவிட்டேன். மறுகணம் அவள் வயிற்றுக்குக் குனிவதுபோல் காட்டினாள். கையை இறக்கினேன். தாடையில் விழுந்தது அடி. கட்டைவிரல் வலிக்க வலிக்கத் தட்டியும் என் வீரன் எழவில்லை. திரை பத்து எண்ணி முடித்தது.

"நெசமாவே விழுந்தியாக்கா?"

"நெசமாத்தான் ஏட்டி. எந்திரிக்க உயிரக் குடுத்துத் தட்டுனேன். நீ என்னைய விழத் தட்டிட்ட."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மில்டன் உரிமத்தில் முத்திரை வைத்தார். என் துணைமதியை மறுபடி இயக்க வந்தவரிடம், "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்றேன்.

மாலைப் படகில் சுக்கானை அவள் பிடித்தாள். ஏற வந்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

"துணைமதி இல்லாம இதை யாரு ஓட்டுதது?" என்று ஒருவர் கேட்டார்.

கயிற்றைப் பிடித்துப் பிடித்து, படகில் ஏறும் பலகையில் நடந்து, முன் இருக்கையில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் படகோட்டியும் என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள முடியாத ஒன்றை, ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"என் தங்கச்சி ஓட்டுதா. அவளேதான் ஓட்டுதா. ஏறுங்க."